கேமரன் மலைக்கு ரயிலா, பேருந்தா, சொந்தக் காரா? முதியவரையும் சிறு பிள்ளையையும் அழைத்துச் செல்வது குறித்து

தெம்பனிஸ்_வளவன்:
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குச் செல்வதென்று முடிவு செய்து, அங்குள்ள தானா ராத்தா ஊரில் தங்குவதற்கு அறையும் பதிந்துவிட்டோம். புறப்படும் நாள் சனிக்கிழமை. எப்படிப் போவது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. எழுபதைக் கடந்த என் தாயாருக்கு இரண்டு முழங்கால்களிலும் வலி. இளைய மகளுக்கு வளைவான சாலை என்றாலே குமட்டல் வந்துவிடும். மைத்துனர் இரவுப் பேருந்தே வசதி என்கிறார். அலுவலக நண்பர் ஒருவர், இப்போது ஜோகூர் பாருவிலிருந்தே மின்ரயில் ஓடுவதால் அதில் போகச் சொல்கிறார். என்னிடம் காரும் இருக்கிறது, மலேசியாவுக்குள் வெளிநாட்டுக் கார் நுழைவதற்கான விஇபி பதிவும் செய்து ஆர்எஃப்ஐடி ஒட்டியைக் கண்ணாடியில் ஒட்டியாயிற்று. ஆனால் சிங்கப்பூரைத் தவிர, மலாக்காவைத் தாண்டி நான் கார் ஓட்டியதில்லை. மனைவி இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

ஈசூன்_முத்து:
அண்ணே, உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. இரவு ஒன்பது, பத்து மணிக்குப் பேருந்தில் ஏறினால் விடியும்போது தானா ராத்தாவில் இறங்கிவிடலாம். வண்டி மாற வேண்டியதில்லை, பகல் பொழுதும் வீணாகாது, ஒரு நாள் அறை வாடகையும் மிச்சம். நானும் நண்பர்களும் எப்போதும் அப்படித்தான் போகிறோம்.

மல்லிகை_பொங்கோல்:
தம்பி முத்து, நண்பர்களோடு போவதும் மூட்டுவலி உள்ள ஒரு தாயாரோடு போவதும் ஒன்றல்ல. இரவுப் பேருந்தில் வண்டி மாற வேண்டியதில்லை என்பது தூங்குகிறவர்களுக்குத்தான் பொருந்தும். உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். மலேசியப் பக்கத்தில் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் இறங்கி, சோதனைக் கருவியில் வைத்து எடுத்து, பேருந்து எங்கே நிற்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். இது விடுமுறைக் காலத்து வெள்ளி இரவென்றால் நின்றுகொண்டே காத்திருக்கும் நேரத்துக்குக் கணக்கே கிடையாது. உயரமான அந்தப் படிகளில் முழங்கால் மடங்காத ஒருவர் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, மறு காலை அதனருகே இழுத்து வைத்து இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வளவன் அவர்களே, உங்கள் மனைவி மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பூர்த்திசெய்ய வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. நிரந்தரவாசிகளாக இருக்கும் வெளிநாட்டவருக்குத் தேவை. நுழைவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் அரசாங்க இணையத்தளத்தில் கட்டணமின்றிச் செய்துவிடலாம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தினுடையது அன்று.

தண்டவாளம்:
ரயிலைப் பற்றிச் சரியான விவரங்களை எழுத வேண்டும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். தஞ்சோங் பகார் நிலையம் இருந்த காலத்தில் அங்கேயே ஏறிக் கோலாலம்பூர் வரை ஒரே வண்டியில் படுத்துக்கொண்டு போகலாம். 2011-இல் அந்த நிலையம் மூடப்பட்ட பிறகு, கிம்மாஸ் வரை டீசல் வண்டி, அதற்கப்பால் மின்ரயில் என்று பயணம் துண்டு துண்டாகிப்போனது. நம்மில் பலர் ரயிலையே மறந்துவிட்டோம். கிம்மாஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் போட்டு முடித்து, 2025 டிசம்பரில் ஈடிஎஸ் என்னும் மின்ரயில் ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையம் வரை வந்துவிட்டது. அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு மேலும் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரயிலில் இரண்டு நன்மைகள் உண்டு. உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடியில், மலேசியாவுக்குச் செல்லும்போது, இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே கட்டடத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு ஷட்டில் தெப்ரா என்னும் எல்லை தாண்டும் ரயிலில் ஐந்தே நிமிடத்தில் ஜோகூர் பாரு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரு முறை இறங்கி ஏறும் வேலை இல்லை. இரண்டாவது, ரயிலில் எழுந்து நடந்து காலை நீட்டிக்கொள்ளலாம். மலைக்கு மிக அருகிலுள்ள நிலையம் தாப்பா ரோடு. வளவன் அங்கேயே இறங்கி வாடகைக் கார் பிடித்து மேலே போய்விடலாம் என்பது என் கருத்து.

ஈப்போ_மகள்:
பிறந்து வளர்ந்தது ஈப்போ, இப்போது செங்காங்வாசி. தண்டவாளம் ஐயா சொன்னதில் ரயில் பற்றிய விவரங்கள் எல்லாம் சரி. கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தாப்பா ரோடு நிலையம் தாப்பா பட்டணத்தில் இல்லை, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எல்லா ஈடிஎஸ் வண்டிகளும் அங்கு நிற்பதில்லை. இறங்கினால் வாசலில் வரிசையாக வாடகைக் கார்கள் காத்திருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. முன்கூட்டியே வண்டி சொல்லி வைக்காமல் ஒரு மூதாட்டியையும் பிள்ளைகளையும் அங்கே இறக்கிவிடுவது சரியன்று.

ரயிலா, பேருந்தா, காரா என்பது இரண்டாவது கேள்விதான். எந்தச் சாலை வழியாக மலை ஏறப் போகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. சிங்கப்பூரிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல் பயணம். அதில் பெரும்பகுதி சமவெளியில் நெடுஞ்சாலையாகவோ தண்டவாளமாகவோ அலுங்காமல் போய்விடும். எஞ்சிய 60 முதல் 80 கிலோமீட்டர்தான் உங்கள் மகளுக்கும் தாயாருக்கும் பயணமே.

மேற்கிலிருந்து ஏற இரண்டு சாலைகள். தாப்பாவிலிருந்து போகும் பழைய சாலை 1931-இல் தானா ராத்தாவை எட்டியது. அந்தக் காலத்தில் மலையைக் குடைந்து நேராக்கும் வழக்கமில்லை; மலை எப்படி வளைகிறதோ அப்படியே சாலையும் வளைந்து வளைந்து ஏறும். சுமார் 60 கிலோமீட்டர்தான், ஆனால் காட்டுக்குள் இருபுறமும் மூங்கிலும் மரங்களும் மூடியிருக்க, அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாமல், உடம்பு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போகும். நடுவழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி சாலையை ஒட்டியே விழுகிறது. குமட்டல் வருகிற பிள்ளைகள் இறங்கிக் காற்று வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. வழியில் பூர்வகுடி மக்கள் பெத்தாய்க் காய், தேன், மூங்கில் குருத்து என்று பருவத்துக்கேற்ப வைத்து விற்பார்கள். அதன்பின் ரிங்லெட், அப்புறம் தானா ராத்தா.

மற்றொன்று, ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் புதிய சாலை, 2000-களின் தொடக்கத்தில் வந்தது. அகலமானது, வளைவுகள் பெரியவை, ஏறும்போது தனி வரிசையும் உண்டு. குமட்டலுக்கு இதுதான் ஏற்றது. ஆனால் தானா ராத்தாவரை கணக்கிட்டால் இருபது கிலோமீட்டருக்கு மேல் கூடுதல்.

இங்கேதான் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. புதிய சாலை மலையின் வட முனையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து தானா ராத்தாவுக்கு வர வேண்டுமென்றால் குவாலா தெர்லா, திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங் என எல்லாவற்றையும் கடக்க வேண்டும். விடுமுறைக் காலச் சனிக்கிழமையில் கியா ஃபார்ம் சந்தை அருகே ஸ்ட்ராபெரிக்கும் மக்காச்சோளத்துக்கும் கார்கள் நிற்கும் நிலையில், இரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. தாப்பா வழியாக வந்தால் இந்த நெரிசலே இல்லாமல் தானா ராத்தாவில் இறங்கிவிடலாம். பிரிஞ்சாங்கில் தங்குகிறவருக்கு ஒரு சாலை, தானா ராத்தாவில் தங்குகிறவருக்கு மற்றொரு சாலை. சனிக்கிழமைக்கு ஒரு கணக்கு, செவ்வாய்க்கிழமைக்கு வேறு கணக்கு. வளவன் அண்ணன் நாளை மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஈசூன்_முத்து:
ஈப்போ அக்கா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் அகலமான சாலை என்றால் ஆபத்தில்லை என்பதுபோல் ஒலிக்கிறதே. அப்படியானால் அண்ணன் காரிலேயே சிம்பாங் பூலாய் வழியாகப் போய்விடலாம் அல்லவா?

ஜூரோங்_சாரதி:
இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுத வந்தேன். ஓய்வுபெறும்வரை சுற்றுலாப் பேருந்து ஓட்டியவன். இரண்டு சாலைகளும் எனக்குப் பழக்கம்.

அகலமான சாலையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தாப்பா சாலையில் யாரும் வேகமாகப் போக முடியாது, சாலையே விடாது. சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கும்போது அது நெடுஞ்சாலை போலத் தோன்றும், வண்டி தானாகவே வேகமெடுக்கும், ஓட்டுநர் பிரேக்கை மிதித்து மிதித்துக் கட்டுப்படுத்துவார். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறும். ரப்பர் கருகியது போன்ற ஒரு நாற்றம் முதலில் வரும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. 2010 டிசம்பரில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகள் சென்ற இரண்டடுக்குப் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது அந்த இறக்கத்தில்தான், தாப்பா சாலையில் அன்று.

சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை. நம் நாட்டின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா, 163 மீட்டர். தானா ராத்தாவோ 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கியர் தானாக மாறும் காரை ‘டி’யில் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் நம் பழக்கம். மலையிறக்கத்தில் ‘எல்’, ‘எஸ்’ அல்லது எண் போட்ட கியருக்கு மாற்றி, இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு விட வேண்டும். பிரேக்கை நீண்ட நேரம் அழுத்தாமல், ஒரு முறை உறுதியாக அழுத்தி விட்டுவிட வேண்டும். இரைச்சல் கூடும், பயப்படத் தேவையில்லை. மின்கார் வைத்திருப்பவர்கள் பிரேக்கிலிருந்து மின்னூட்டம் திரும்பப் பெறும் அளவைக் கூட்டி வைத்தால் இதே வேலையைச் செய்யும்.

மற்றவை சுருக்கமாக. மதியத்துக்கு மேல் மலையில் மழையும் மூடுபனியும் வரும், ஆகவே ஏறுவதோ இறங்குவதோ காலையிலேயே நடந்துவிட வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் மண்சரிவு சாதாரணம்; புறப்படும் நாள் காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று தங்குமிடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள். காய்கறி லாரிகள் நம் ஈரச்சந்தைகளுக்கு முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு இறங்கும். அவர்களுக்குச் சாலை மனப்பாடம், உங்களுக்கு இல்லை, ஆதலால் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் ஓரங்கட்டி வழிவிட்டுவிடுங்கள். தாப்பா சாலையின் மூடிய வளைவுகளில் ஹாரன் அடிப்பது அங்கே மரியாதைக் குறைவன்று.

காரில் போவதென்றே முடிவானால், சோதனைச்சாவடியில் பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்பதும், அங்கே நாம் நிரப்பக்கூடியது ரான் 97 தான், மஞ்சள் கைப்பிடியிட்ட ரான் 95 நமக்கில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் வையுங்கள். தாப்பாவிலோ சிம்பாங் பூலாயிலோ பெட்ரோல் நிரப்பாமல் மலை ஏறாதீர்கள். ஒரே நாளில் முழுத் தூரத்தையும் ஓட்டிவிட்டு, களைப்போடு மாலையில் மலை ஏறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஈப்போவில் ஓர் இரவு தங்குங்கள்.

மல்லிகை_பொங்கோல்:
சாரதி ஐயா, பேருந்தில் போகிறவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். இருட்டில் மலை ஏறுவது பற்றி உங்கள் கருத்து என்ன?

ஜூரோங்_சாரதி:
அந்த வழியில் பழகிய ஓட்டுநருக்கு இருட்டு ஒரு தொல்லை அன்று; எதிரே வருகிற வண்டியின் விளக்கொளி வளைவுக்கு முன்பே தெரிந்துவிடும். தொல்லை தூக்கம்தான். சிங்கப்பூரிலிருந்து இரவு முழுதும் ஓட்டிய பிறகு, விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு, உடம்பு மிகவும் அசதியாக இருக்கும் வேளையில் மலை ஏற வேண்டியிருக்கிறது. மாற்று ஓட்டுநர் இருக்கிறாரா என்று சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். இரண்டடுக்குப் பேருந்தில் மேல்தளத்துப் பின்னிருக்கை ஊஞ்சல் போல ஆடும். கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தால் அங்கே, இல்லையேல் இரு சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இருக்கையில் அமருங்கள். மலேசியாவில் விரைவுப் பேருந்துப் பயணிகள் இடைவார் அணிய வேண்டும் என்பது 2025 ஜூலை முதல் கட்டாயம். அதற்கு முந்தைய மாதம் கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் ஒரே பேருந்து விபத்தில் மாண்டார்கள். இடைவார் கையில் அகப்படவில்லையென்றால் ஊழியரைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஈசூன்_முத்து:
இடைவாரை நான் இதுவரை அவ்வளவாகக் கவனித்ததில்லை, இனிப் போடுகிறேன் ஐயா. இருந்தாலும் தனியாகப் போகிற இளையர்களுக்கு இரவுப் பேருந்தைவிட மலிவானது வேறெதுவும் இல்லை என்பதில் மாற்றமில்லை. இன்னொரு கேள்வி. ரவுப், சுங்கை கோயான் வழியாக ரிங்லெட்டுக்கு ஒரு சாலை உண்டு என்கிறார்களே, கிழக்குப் பக்கமாக?

ஈப்போ_மகள்:
உண்டு. நெரிசல் இல்லை, காட்சியும் அழகு. ஆனால் வழிநெடுக ஊர்கள் குறைவு, கைப்பேசி இணைப்பும் இடையிடையே அறுந்துவிடும், வண்டி பழுதானால் உதவி வர நேரமாகும். முத்து தம்பி நண்பர்களோடு போய்ப் பாருங்கள். வளவன் அண்ணனுக்கு அது வேண்டாம்.

தெம்பனிஸ்_வளவன்:
இத்தனை விளக்கமாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. தங்குமிடத்துக்கு அழைத்துப் பேசினேன். சனிக்கிழமையை விட்டு, அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை முதல் அறையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், வாடகையும் குறைந்தது. சாரதி ஐயா எழுதியதைப் படித்த பிறகு, முதன்முதலாக மலையிறக்கத்தில் ஓட்டிப் பழகுவதைத் தாயாரையும் பிள்ளைகளையும் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு செய்ய மனமில்லை. ஆகவே காரை வீட்டிலேயே விடுகிறோம். திங்கட்கிழமை ஷட்டிலில் ஜோகூர் பாரு, அங்கிருந்து ஈடிஎஸ், கேஎல் சென்ட்ரலில் மாறி ஈப்போ. இரவு அங்கே தங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை உணவுக்குப் பின் ஓட்டுநரோடு வேன் அமர்த்திக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக ஏறுவது. வார நாள் என்பதால் கியா ஃபார்ம் நெரிசல் அவ்வளவாக இராது என்று நினைக்கிறேன். ஈப்போவிலிருந்து பேருந்திலும் போகலாமே என்கிறார் மனைவி. அது சரிவருமா?

ஈப்போ_மகள்:
பேருந்து உண்டு, தானா ராத்தாவுக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். ஆனால் அது புறப்படுவது அமான்ஜெயா நிலையத்திலிருந்து. அந்த நிலையம் நகருக்கு வெளியே மேரு ராயாவில் இருக்கிறது, ரயில் நிலையத்துக்கு அருகில் அன்று. அங்கே போகவே ஒரு வாடகைக் கார் வேண்டும். ஐந்து பேருக்கு மேல் இருந்தால் வேன் செலவுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. வேன்காரரிடம் பேசும்போது, மகளுக்குக் குமட்டல் உண்டு, நடுவில் நிறுத்த வேண்டும், முன்னிருக்கை அவளுக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறங்கும் நாளையும் நேரத்தையும் அதே ஆளிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே போன பிறகு திரும்பி இறங்க வண்டி தேடுவது கடினம், செயலியில் அழைத்தாலும் வர ஆள் இருப்பது அரிது.

ஈப்போவில் மாலை ஓய்வாக இருந்தால் ரயில் நிலையத்தின் முகப்பை நின்று பாருங்கள். 1917-இல் கட்டிய வெள்ளைக் கட்டடம். நீங்கள் அதற்குள்ளிருந்துதான் வெளியே வரப்போகிறீர்கள், ஆனால் சாலையைக் கடந்து எதிரே நின்றால்தான் முழுதும் தெரியும்.

மல்லிகை_பொங்கோல்:
குமட்டல் மருந்தை வேன் ஆடத் தொடங்கிய பிறகு கொடுத்தால் பயனில்லை. ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுங்கள், வயதுக்கேற்ற அளவை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை உணவு இட்லி, இரண்டு துண்டு ரொட்டி என்ற அளவில் இருக்கட்டும். மகளிடமிருந்து கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு வளைவில் போனால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையைக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டிக்குள் வைத்தால் இறங்கியவுடன் தேட வேண்டியிருக்கும். மேலே போனதும் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்கு அழைத்துப் போங்கள், மகிழ்ச்சியாக இருப்பார்.

தண்டவாளம்:
வளவன் அவர்களே, சீட்டு வாங்கும் வரிசையைப் பற்றி ஒரு சொல். ஈடிஎஸ் சீட்டை வாங்கிவிட்டு ஷட்டிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். விடுமுறைக் காலத்தில் முதலில் தீர்ந்துபோவது அந்த ஐந்து நிமிடப் பயணத்துக்கான சீட்டுதான். ஷட்டில் கிடைக்கும் நேரத்தைப் பார்த்து அதற்கேற்ப ஈடிஎஸ் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இடையில் தாராளமாக ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். சிங்கப்பூரில் வாங்கினால் ஷட்டில் கட்டணம் 5 வெள்ளி, ஜோகூர் பாருவிலிருந்து திரும்பும்போது 5 ரிங்கிட்.

திரும்பி வருவது போவதைப் போல எளிதன்று. மலேசியக் குடிநுழைவுச் சோதனை ஜேபி சென்ட்ரலில், சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸில் என்று இரண்டு இடங்களில் நிற்க வேண்டும். ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிடுங்கள். ஒருவேளை ஷட்டில் கிடைக்காமல் போனால் ஜேபி சென்ட்ரலிலிருந்து 950 பேருந்து உட்லண்ட்ஸுக்கு வருகிறது, ஆனால் கடற்பாலத்தில் அதுவும் கார்களோடு சேர்ந்து நிற்கும். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே எல்லை தாண்டும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். அதுவரை திரும்பும் ஷட்டில் சீட்டை இன்றிரவே வாங்கிவிடுங்கள்.

தெம்பனிஸ்_வளவன்:
வாங்கிவிட்டேன் ஐயா. போகும்போது காலை ஷட்டில் கிடைத்தது. திரும்பும் நாளில் மாலைச் சீட்டு எதுவும் இல்லை, இரவு வண்டியில்தான் இடம் இருந்தது. ஜேபி சென்ட்ரலில் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். தாயாரைப் பக்கத்துக் கடைத்தொகுதியில் உட்கார வைத்து இரவு உணவை முடித்துக்கொள்வதாகத் திட்டம். வேனுக்கு ஈப்போவில் இரண்டு பேரிடம் விலை கேட்டிருக்கிறேன்.